ஜெயிக்காதவர்களின் அரை மணி நேரம்

வங்கி உத்தியோகத்தில் மூன்று வருஷத்துக்கு ஓர் ஊர். போபால், கொல்கத்தா, இப்போது மும்பை. ஒவ்வொரு மாற்றலிலும் ஏதாவது உடையும், ஏதாவது தொலையும். கிரைண்டர் குழவியே ஒரு தடவை தொலைந்திருக்கிறது (எப்படி என்று கேட்காதீர்கள்). ஆனால் ஒரு ஷூ டப்பா மட்டும் பத்திரமாகக் கூடவே வந்துகொண்டிருக்கிறது. உள்ளே இருப்பவை பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்களின் டிவிடிகள்.

மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதைத் திறந்தேன். பன்னிரண்டு வயது மகளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முதலில் ஃபால்ட்டி டவர்ஸ். ஓட்டல்காரர் பேசில் ஃபால்ட்டி படும் பாட்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். நடுவில், "பாவம்ப்பா இந்த ஆளு" என்றாள். அடுத்து மைண்ட் யுவர் லாங்குவேஜ். பத்து நிமிஷம் பார்த்தாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். "ஏம்மா, பிடிக்கலையா?" என்றேன். "இல்லப்பா." அவ்வளவுதான்.

இரண்டும் ஒரே நாட்டில், 1970-களில் எடுத்தவை. இரண்டிலும் பின்னால் ஜனங்கள் வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்கிறது. ஆனால் ஒன்று ஒட்டுகிறது, இன்னொன்று ஒட்டவில்லை. ஏன்? யோசித்துப் பார்த்ததில், இந்தத் தொடர்களின் முழு சரித்திரமும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது என்று தோன்றியது.

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக்.

1948. இங்கிலாந்தில், சர்ரே வட்டாரத்தில் மில்ஃபோர்ட் என்ற இடத்தில் ஒரு காசநோய் மருத்துவமனை. நம் தாம்பரம் சானடோரியம் மாதிரி. அங்கே நோயாளிகளாக வந்து சேர்ந்தார்கள் இரண்டு விடலைப் பையன்கள், ரே கால்டன், ஆலன் சிம்ப்ஸன். டிபி என்றால் வருஷக்கணக்கில் படுக்கை என்று இருந்த காலம். படுத்தபடி ரேடியோ கேட்பதுதான் பொழுதுபோக்கு. கேட்டுக் கேட்டு, நாமே எழுதினால் என்ன என்று ஆஸ்பத்திரிக்குள் ஒலிபரப்பாகும் ரேடியோவுக்கு எழுத ஆரம்பித்தார்கள்.

வெளியே வந்தபின் 1954-ல் இந்த இருவர் பிபிசி ரேடியோவுக்கு எழுதியதுதான் ஹான்காக்'ஸ் ஹாஃப் அவர். அதுவரை ரேடியோ நகைச்சுவை என்றால் கொஞ்சம் ஜோக், நடுவில் ஒரு பாட்டு, மறுபடி கொஞ்சம் ஜோக். இவர்கள் பாட்டைத் தூக்கினார்கள். அரை மணி நேரம், ஒரே கதை, நடுவில் ஓர் ஆள். அந்த ஆளாக நடித்தவர் டோனி ஹான்காக். தன்னைப் பெரிய அறிவாளி என்று நினைத்துக்கொண்டிருப்பார். உலகம் அதை ஒப்புக்கொள்ளாது. கதை அவ்வளவே.

1956-ல் இது டிவிக்கு வந்தது. 1961-ல் வந்த ஓர் எபிசோடில் ஹான்காக் வாடகை அறை ஒன்றில் அரை மணி நேரமும் தன்னந்தனியாக இருப்பார். வேறு ஒருவர் கிடையாது. புத்தகத்தை எடுப்பார், வைப்பார், கண்ணாடி பார்ப்பார். ஒன்றுமே நடக்காது. அதே வருஷம் வந்த இன்னொன்றில் ரத்ததானம் செய்யப் போவார். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்ததும் தேசத்துக்கான கடமை முடிந்தது என்று பெருமையாகக் கிளம்புவார். அது வெறும் சோதனைக்கு, இனிமேல்தான் ஒரு பைண்ட் எடுப்போம் என்று டாக்டர் சொன்னதும் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்!

நோயில் படுத்துக் கிடந்த இரண்டு பேர், எங்கேயும் போக முடியாத ஒருவனைப் பற்றி எழுதினார்கள். அதைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

அந்த வருஷமே ஹான்காக் இவர்களைப் பிரிந்து போனார். (1968-ல் ஆஸ்திரேலியாவில், சிட்னியில், தற்கொலை செய்துகொண்டார். சிரிக்க வைத்தவர்களில் பலர் கதை இப்படித்தான்.) ஆள் இல்லாமல் நின்ற எழுத்தாளர்களிடம் பிபிசி, யாரை வைத்து வேண்டுமானாலும் தனித்தனிக் கதைகளாக எழுதுங்கள் என்றது. அதில் 1962 ஜனவரியில் வந்த ஒரு கதை பழைய சாமான் வியாபாரம் செய்யும் ஓர் அப்பாவையும் மகனையும் பற்றியது. நம் ஊர் பாஷையில் காயலான் கடை. மகனுக்குக் கிட்டத்தட்ட நாற்பது வயது. இந்த நரகத்தை விட்டுப் போகிறேன் என்று தன் சாமான்களை எல்லாம் தள்ளுவண்டியில் ஏற்றுகிறான். அப்பா குதிரையைத் தர மாட்டேன் என்கிறார். அவனே இழுக்கிறான். வண்டி நகரவில்லை. உடைந்து அழுகிறான். அப்பா வந்து, உள்ளே வா, டீ குடிக்கலாம் என்று கூட்டிப் போகிறார்.

நகைச்சுவைத் தொடர் என்ற பெயரில் வந்தது இது! ஸ்டெப்டோ அண்ட் சன் என்று அதே வருஷம் தொடரானது. நடித்த ஹாரி எச். கார்பெட்டும் வில்ஃப்ரிட் பிராம்பெல்லும் காமெடியன்கள் இல்லை, தேர்ந்த நாடக நடிகர்கள். 1964 பொதுத் தேர்தல் நாளில், வாக்குப்பதிவு முடிவதற்கு முன்பே இந்தத் தொடர் ஒளிபரப்பாவதாக இருந்தது. தொழிலாளர் கட்சித் தலைவர் ஹெரால்டு வில்சன் பிபிசி தலைவரைப் பார்த்து முறையிட்டார். வேலை முடிந்து வந்து எங்கள் ஆட்கள் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டால் ஓட்டுப் போட யார் போவார்கள்? ஒளிபரப்பு வாக்குப்பதிவு முடிந்தபின் என்று தள்ளிப்போனது. வில்சன் ஜெயித்தார். பெரும்பான்மை வெறும் 4. அந்த டீக்குடி அப்பாவுக்கும் மகனுக்கும் பிரதமர் நன்றி சொல்லியிருக்கலாம்.

கதைகள் ஏன் இப்படி ஒரே அறைக்குள் சுற்றின? மனித சோகம் பாதிக் காரணம் என்றால், பட்ஜெட் மீதிக் காரணம். இந்தத் தொடர்கள் பெரும்பாலும் நாடகம் போல எடுக்கப்பட்டன. சில நாள் ஒத்திகை. பிறகு ஒரு சாயங்காலம், ஸ்டூடியோவில் பார்வையாளர்களை உட்கார வைத்து, சில கேமராக்களால் ஒரே மூச்சில் பதிவு. செட் இரண்டோ மூன்றோதான். தெருக் காட்சி வேண்டுமென்றால் தனியாக ஃபிலிமில் எடுத்துச் சேர்ப்பார்கள். ஆகவே ஹாலும் அடுக்களையும் ஆபீஸ் அறையுமே உலகம். வெளியே போக வழி இல்லாத மனிதர்களைப் பற்றி எழுத இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

இன்னொன்று, எண்ணிக்கை. அமெரிக்காவில் ஒரு கூட்டமே உட்கார்ந்து வருஷத்துக்கு இருபதுக்கு மேல் எபிசோடு எழுதுவார்கள். பிரிட்டனில் ஒருவரோ இருவரோதான் எழுதுவார்கள். ஆறோ ஏழோ எபிசோடு, முடிந்தது. ஃபால்ட்டி டவர்ஸ் 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு, மொத்தமே பன்னிரண்டு. எழுதியவர்கள் ஜான் கிளீஸும் கான்னி பூத்தும். 1970-ல் கிளீஸ் தன் மான்ட்டி பைத்தான் குழுவுடன் டார்க்கி என்ற கடலோர ஊரில் ஓர் ஓட்டலில் தங்கியிருக்கிறார். வாடிக்கையாளர் வருவதே தொந்தரவு என்று நினைத்த முதலாளி அங்கே அவருக்குக் கிடைத்தார். அதிலிருந்து பிறந்தவர் பேசில். முதல் திரைக்கதையைப் படித்த பிபிசி அதிகாரி ஒருவர் இது தேறாது என்று குறிப்பு எழுதினாராம். எல்லா ஆபீஸிலும் அப்படி ஒருவர் இருக்கிறார்.

என் சொந்தப் பிரியம் டாட்ஸ் ஆர்மி. காரணம், அதன் நாயகன் கேப்டன் மேனரிங் ஒரு வங்கி மானேஜர்!

1940 மே மாதம் ஜெர்மனி படையெடுத்து வரக்கூடும் என்ற பயத்தில், 17 முதல் 65 வயது வரை உள்ளவர்களைக் கொண்டு உள்ளூர்க் காவல் படை ஒன்றை பிரிட்டன் அமைத்தது. ஆரம்பத்தில் துப்பாக்கி கூடப் போதவில்லை. அந்தப் படையில் சிறுவனாகச் சேர்ந்திருந்த ஜிம்மி பெர்ரி பின்னாளில் டேவிட் கிராஃப்டுடன் சேர்ந்து அதைத் தொடராக எழுதினார். 1968 முதல் 1977 வரை 80 எபிசோடுகள். உயிரோடிருக்கும் மனிதர்கள் பட்ட கஷ்டத்தைக் கேலி செய்கிறோமோ என்று பிபிசிக்கு உள்ளேயே தயக்கம் இருந்தது. ஆனால் சாதுவான கிழவர் காட்ஃப்ரியாக நடித்த ஆர்னால்டு ரிட்லி, 1916-ல் சோம் போர்க்களத்தில் நிஜமாகவே காயம்பட்டவர். கேலி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறவர்களுக்குப் புரிந்தது.

மேனரிங் கீழ் மத்தியதர வர்க்கத்திலிருந்து முட்டி மோதி மேலே வந்தவர். வங்கியில் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் வில்சனோ நல்ல குடும்பம், நல்ல பள்ளிக்கூடம், அலட்டிக்கொள்ளாத நடை. பதவி இவரிடம், பந்தா அவரிடம். இந்த ஒரு முடிச்சை வைத்து ஒன்பது வருஷம் ஓட்டினார்கள். ஆனால் ஒன்று. நிஜமாகவே எதிரி வந்தால் மேனரிங் ஓடமாட்டார், முதல் ஆளாக நின்று சாவார் என்பது பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மரியாதையும் வைக்கிறோம். என் முதல் மானேஜரும் இப்படித்தான். கோபாலில்... மன்னிக்கவும், போபாலில் (பெயரைச் சொல்லிவிடப் பார்த்தேன்!).

சரி, விஷயத்துக்கு வருவோம். ஹான்காக், ஸ்டெப்டோ மகன், மேனரிங், பேசில் எல்லோரும் ஒரே ஆள்தான். தான் இருக்கும் இடத்தைவிடப் பெரியவன் என்று நினைப்பவன், அந்த இடத்தை விட்டுப் போக முடியாதவன், கடைசி வரை எதையும் கற்றுக்கொள்ளாதவன். அவனை எழுதியவர்கள் அவனை உள்ளிருந்து அறிந்தவர்கள். படுக்கை, படை, வர்க்கம் எல்லாம் அவர்கள் தாங்களே பட்டது. அதனால்தான் "பாவம்ப்பா" என்ற சொல் தானாக வருகிறது.

உள்ளிருந்து எழுதினாலும் விபத்து நடக்கலாம். 1965-ல் ஒரு தனிக் கதையாக வந்து, அடுத்த வருஷம் தொடரான டில் டெத் அஸ் டூ பார்ட் அதற்கு உதாரணம். லண்டன் கிழக்குப் பகுதித் தொழிலாளி ஆல்ஃப் கார்னெட் கறுப்பர், யூதர், ஐரிஷ்காரர் என்று எல்லோரையும் திட்டுவார். அதே பகுதியில் பிறந்து வளர்ந்த ஜானி ஸ்பைட் இனவெறியின் முட்டாள்தனத்தைக் காட்டத்தான் அவரைப் படைத்தார். நடித்த வாரன் மிட்செல்லே யூதர். ஆனால் பார்த்தவர்களில் ஒரு பகுதியினர், நம் மனசில் இருப்பதை ஒருத்தன் தைரியமாகச் சொல்கிறான் என்று கைதட்டினார்கள். கண்ணாடியைக் காட்டினால், அதில் தெரியும் முகம் அழகாக இருக்கிறது என்று தலைவாரிக்கொண்டார்கள்.

இனி, வெளியிலிருந்து சிரிப்பது.

மும்பையிலிருந்து நாசிக் போகும் ரயிலில், நாசிக் ரோடு வருவதற்குச் சற்று முன் தேவ்லாலி என்று ஒரு ஸ்டேஷன் வரும். வெள்ளைக்காரன் காலத்து ராணுவ முகாம். ஊருக்குக் கப்பல் கிடைக்கும் வரை சிப்பாய்கள் மாதக்கணக்கில் இங்கே காத்துக் கிடந்து புத்தி பேதலித்தார்கள் என்பதால், 'டூலாலி' என்றால் கிறுக்கு என்று ஆங்கிலத்தில் ஒரு வார்த்தையே உண்டு. ஜிம்மி பெர்ரி போர்க்காலத்தில் இங்கே ராணுவ நாடகக் குழுவில் இருந்தார். அந்த நினைவில் அவரும் கிராஃப்டும் எழுதியது இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம் (1974 முதல் 1981 வரை). தேவ்லாலி முகாமையும் அதன் காட்டையும் இங்கிலாந்திலேயே செட் போட்டும் தோப்பு தேடியும் எடுத்தார்கள்.

அதில் வரும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் எல்லோரும் நாம் மேலே பார்த்த அதே ரகம், மாட்டிக்கொண்ட மனிதர்கள். ஆனால் முக்கிய இந்தியப் பாத்திரமான ரங்கி ராமாக நடித்தவர் மைக்கேல் பேட்ஸ் என்ற ஆங்கிலேயர், முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு. அவர் ஜான்சியில் பிறந்தவர். பங்கா இழுப்பவராகவும் டீ விற்பவராகவும் நடித்தவர்கள் மட்டும் நம் துணைக்கண்டத்துக்காரர்கள். பெர்ரிக்கு இந்தியர்கள் மேல் வெறுப்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்த முகாமில் சிப்பாயாக இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியும். பங்கா இழுப்பவனாக இருப்பது எப்படி என்று தெரியாது. எழுத்தில் அது தெரிகிறது.

மைண்ட் யுவர் லாங்குவேஜ் இதே வியாதியின் முற்றிய நிலை. 1977 கடைசியில் ஐடிவியில் ஆரம்பித்தது. லண்டனில் ஆங்கிலம் கற்க வந்த பல நாட்டவர், ஒரு வகுப்பறை, ஒரு வாத்தியார். ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையில், கம்பளையில் பிறந்தவர். நடிகர்கள் எல்லோரும் திறமைசாலிகள். ஆனால் அந்த வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு நாடு இருக்கிறது, ஓர் உச்சரிப்பு இருக்கிறது, ஒரு தலையாட்டல் இருக்கிறது. ஆசை, பயம், தோல்வி என்று எதுவும் கிடையாது. பேசிலுக்கு இருக்கிற மனசு இவர்களில் ஒருவருக்குக் கூடக் கொடுக்கப்படவில்லை.

நமக்கு இது புதுசா என்ன? 1968-ல் வந்த படோசன் இந்திப் படத்தில் மெஹ்மூத் செய்த மாஸ்டர் பிள்ளை ஞாபகம் இருக்கிறதா? பட்டை, குடுமி, இழுத்து இழுத்துப் பேசும் இந்தி. பாட்டுப் போட்டியில் ஏமாற்றி ஜெயிப்பது வடக்கத்திக்காரர், தோற்பது நிஜமாகவே சங்கீதம் தெரிந்த நம் ஆள். நானும் சிரித்திருக்கிறேன். வடக்கே வேலைக்கு வந்தபிறகு, ஆபீஸில் யாராவது "ஐயோ ஜி" என்று அதே குரலில் பேசும்போது சிரிப்பது கொஞ்சம் குறைந்தது. நியாயமாகச் சொன்னால், தமிழ்ப் படத்தில் வட்டிக்கடை சேட் "நம்பள்கி, நிம்பள்கி" என்று பேசியபோது தியேட்டரில் நாமும்தான் கைதட்டினோம். அந்த சேட் வீட்டுப் பையன் சௌகார்பேட்டையில் எந்தப் பள்ளியில், எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் என்று நாம் யோசித்ததில்லை.

கடைசியாக யெஸ் மினிஸ்டர். இதைச் சொல்லாமல் முடித்தால் சக அரசு உத்தியோகஸ்தர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

1980 பிப்ரவரியில் ஆரம்பித்தது. ஆன்டனி ஜேயும் ஜானதன் லின்னும் எழுதியது. யெஸ் பிரைம் மினிஸ்டரையும் சேர்த்து 38 எபிசோடுகள். மந்திரி ஜிம் ஹேக்கர் ஏதாவது செய்ய நினைப்பார். செயலாளர் சர் ஹம்ஃப்ரி ஆப்பிள்பி அது நடக்காமல் பார்த்துக்கொள்வார், மிகுந்த பணிவோடு. பிரதமர்களுக்குப் பக்கத்தில் வேலை செய்தவர்களிடமே கேட்டுக் கேட்டு எழுதினார்கள் என்பதால் கற்பனை போல இருந்த பலதும் நடந்ததுதான். மார்கரெட் தாட்சருக்கு உயிர். 1984-ல் அந்த நடிகர்களோடு ஒரு குட்டி நாடகத்தில் அவரே நடித்தார்.

இந்தத் தொடர் மட்டும் இந்தியாவில் எப்படி இவ்வளவு ஒட்டியது? 2001-ல் ஜி மந்திரிஜி என்று ஃபாரூக் ஷேக் நடிக்க இந்தியில் எடுத்தபோது கதைகளை அதிகம் மாற்ற வேண்டியிருக்கவில்லை. காரணம் 1854-ல் இருக்கிறது. அந்த வருஷம் வெளியான நார்த்கோட்–டிரெவெல்யன் அறிக்கைதான், சிபாரிசை விட்டுப் பரீட்சை வைத்து நிரந்தர அதிகாரிகளை எடுக்க வேண்டும் என்று பிரிட்டனில் சொன்னது. சர் ஹம்ஃப்ரியின் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் அந்தக் காகிதத்திலிருந்து பிறந்தவர்கள். அதை எழுதிய இருவரில் ஒருவரான சார்லஸ் டிரெவெல்யன் கிழக்கிந்தியக் கம்பெனியில் தொழில் பழகியவர். 1859-ல் நம் மதராஸுக்கே கவர்னராக வந்தார். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க் அமைத்தவர் அவர்தான். கல்கத்தா போட்ட புது வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததால் அடுத்த வருஷமே திருப்பி அழைக்கப்பட்டார். ஹம்ஃப்ரியாக இருந்திருந்தால் அந்த எதிர்ப்பைக் கோப்புக்குள்ளேயே வைத்து, வரியையும் வராமல் செய்திருப்பார்!

ஆக, இந்த ஜோக்குக்கு நாம் வெளியாட்கள் இல்லை. கோப்பு, குறிப்பு, கமிட்டி, "தகுந்த நேரத்தில் பரிசீலிக்கப்படும்" எல்லாம் நம் வீட்டுச் சொத்து. உள்ளே இருந்து சிரிக்கிறோம்.

ராத்திரி சாப்பிடும்போது மகளிடம் மறுபடி கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கிளாஸில் ஒரு பையன் தினமும் அவளைத் தமிழ் மாதிரி இந்தி பேசச் சொல்கிறானாம். பேசினால் எல்லோரும் சிரிப்பார்களாம். "முதல்ல நானும் சிரிச்சேம்ப்பா. அந்த டிவி கிளாஸ் அப்படியே எங்க கிளாஸ் மாதிரி இருந்துது."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சாம்பாரைப் பார்த்தேன். இரண்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறோம், எனக்குத் தெரியவில்லை. மறுநாள் லீவு போட்டு அவள் டீச்சரைப் போய்ப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார், அந்தப் பையனிடம் பேசுகிறேன் என்றார். பார்ப்போம்.

ஷூ டப்பாவில் டாட்ஸ் ஆர்மி இன்னும் பாக்கி இருக்கிறது. அடுத்த ஞாயிறு அதைப் போடச் சொல்லியிருக்கிறாள். "அந்த பாங்க் மானேஜர் உன்னை மாதிரியே இருப்பாராமே, அம்மா சொன்னா" என்றாள். அதற்கு மட்டும் மூவரும் சேர்ந்து சிரித்தோம்.